ஊழிய அழைப்புக்குக் கீழ்ப்படிவது எப்படி: புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சபையில் சேர்ந்து சில காலம் ஆன ஒரு விசுவாசிக்கு, தேவன் தன்னைத் தமது வேலைக்கு அழைக்கிறாரோ என்ற எண்ணம் எழுவது இயல்பு. பிரசங்கம் கேட்கும்போதோ, தனியே வேதம் வாசிக்கும்போதோ, ஒருவருடைய துன்பத்தை அருகிலிருந்து பார்க்கும்போதோ அது வரலாம். வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. சிலர் அடுத்த வாரமே வேலையை ராஜினாமா செய்யத் துணிகிறார்கள். வேறு சிலர், "எனக்கு என்ன தகுதி இருக்கிறது" என்று அதை மனத்துக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நிதானமான ஒரு வழி உண்டு. அழைப்பு மெய்யானதா என்பதை உள்ளத்தில் எழும் உணர்ச்சியின் வேகத்தைக் கொண்டு அளக்க முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சிறிய பணியை, மற்றவர்கள் பார்த்துத் திருத்தக்கூடிய நிலையில், விடாமல் செய்துவரும்போதுதான் அது தெளிவாகிறது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்தக் கருத்தின்மேல் அமைந்தவை.

எந்த அழைப்பு என்று முதலில் தெளிவாகுங்கள்

புதிய ஏற்பாடு அழைப்பைப் பற்றிப் பேசும் இடங்களில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட வேலைக்கான அழைப்பைச் சொல்பவை அல்ல. தேவனுடைய குமாரனோடு ஐக்கியமாயிருக்கும்படி நாம் அழைக்கப்பட்டோம் என்கிறது 1 கொரிந்தியர் 1:9. அழைப்புக்குப் பாத்திரராய் நடந்துகொள்ளுங்கள் என்று எபேசியர் 4:1-ல் புத்தி சொல்லும் பவுல், அடுத்த வசனத்திலேயே மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை, ஒருவரையொருவர் தாங்குதல் என்று அதற்கு விளக்கமும் கொடுத்துவிடுகிறார். இந்த முதல் அழைப்பு விசுவாசிகள் எல்லாருக்கும் பொதுவானது. இதில் நிலைக்காதவருக்கு மற்ற அழைப்புகளைப் பற்றிய பேச்சே தேவையில்லை. ஆகவே உங்களிடம் நீங்களே கேட்க வேண்டிய முதல் கேள்வி மிக எளியது: தனி ஜெபமும் வேத வாசிப்பும் என் நாளில் இடம் பெற்றிருக்கின்றனவா? என் வீட்டார் என்னிடம் பொறுமையைப் பார்க்கிறார்களா?

இரண்டாவது, நீங்கள் இப்போது இருக்கும் நிலையிலேயே தேவனுக்கு ஊழியம் செய்யும் அழைப்பு. எதைச் செய்தாலும் அதைக் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்ய வேண்டும் என்ற கொலோசெயர் 3:23-ஐ நாம் சுவரில் மாட்டி வைக்கிறோம். ஆனால் அது முதலில் எழுதப்பட்டது எஜமானர்களிடம் அடிமைகளாக வேலை செய்தவர்களுக்கு என்பதை முந்தின வசனத்தைப் படித்தால்தான் அறிவோம். மனிதர் மதிக்காத வேலையும் கர்த்தருக்குச் செய்யும் ஊழியமாக முடியும் என்று அது சொல்கிறது. குருமாரும் துறவிகளும் மட்டுமே அழைப்புப் பெற்றவர்கள் என்ற கருத்தை 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் மறுத்து, பெற்றோர், தொழிலாளர், ஆட்சியாளர் ஆகியோரின் அன்றாடக் கடமைகளும் தேவன் கொடுத்த அழைப்பே என்று போதித்தார். அலுவலகத்துக்கு நாள்தோறும் தாமதமாகப் போய்க்கொண்டே "எனக்கு ஊழிய பாரம் இருக்கிறது" என்று சொல்பவர் இந்த இரண்டாவது அழைப்பில் இன்னும் தேறவில்லை.

மூன்றாவதாக வருவதுதான் குறிப்பிட்ட ஒரு பொறுப்புக்கான அழைப்பு: போதிப்பது, மேய்ப்பது, சுவிசேஷம் அறிவிப்பது, ஏழைகளை விசாரிப்பது, நிர்வகிப்பது போன்றவை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் தாண்டி நேராக இதற்குள் குதிக்கப் பார்ப்பதால்தான் குழப்பம் உண்டாகிறது.

எழுந்த எண்ணத்தைச் சோதித்துப் பாருங்கள்

சாமுவேலின் அழைப்பை (1 சாமுவேல் 3) எல்லாரும் அறிவோம், ஆனால் அதை மெதுவாக வாசிப்பவர்கள் குறைவு. சிறுவனாகிய அவன் மூன்று முறை சத்தத்தைக் கேட்டு, மூன்று முறையும் ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடினான். கர்த்தர் கூப்பிடுகிறார் என்பதை அவனாகக் கண்டுகொள்ளவில்லை. ஏலிதான் மூன்றாம் முறை அதை உணர்ந்து, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். அந்த ஏலியோ தம் குமாரரை அடக்கத் தவறி, நியாயத்தீர்ப்புக்கு உள்ளான மனிதர். குறைகளுள்ள ஒரு மூத்தவரைக் கொண்டும் தேவன் நம் அழைப்பைத் தெளிவாக்க முடியும் என்பதால், "நம் சபைப் பெரியவர்களிடம் போய் இதைக் கேட்பதா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னும் ஒரு விவரம் 15-ம் வசனத்தில் இருக்கிறது. இரவில் அத்தனை பெரிய செய்தியைக் கேட்ட சாமுவேல், விடியற்காலத்தில் எழுந்து வழக்கம்போல் கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். தரிசனம் கண்டதற்காக அவன் காலை வேலையை விட்டுவிடவில்லை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணம் எப்போது வந்தது, எந்த வசனத்தையோ எந்தத் தேவையையோ ஒட்டி வந்தது என்று தேதியோடு எழுதி வையுங்கள். சில மாதங்கள் கழித்துத் திரும்பிப் பாருங்கள். பாரம் குறையாமல் இருக்கிறதா, கூட்டத்தின் உற்சாகம் அடங்கியதும் அதுவும் அடங்கிவிட்டதா என்பதை அந்தப் பக்கங்களே காட்டிவிடும். கூடவே, நான் செய்ய நினைப்பது வேதத்துக்கு இசைந்ததா, இதில் யாருடைய தேவை நிறைவேறுகிறது, என் பெயர் வெளியே தெரியாவிட்டாலும் இதைச் செய்வேனா என்றும் கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். பலருக்கும் அது நேரம் எடுக்கும்.

எல்லாருக்கும் சொப்பனமோ சத்தமோ வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரனாக இருந்த நெகேமியாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எருசலேமின் அலங்கம் (மதில்) இடிபட்டுக் கிடக்கிறது என்ற செய்தியைத் தன் சகோதரன் ஆனானி சொல்லக் கேட்டு அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். கிஸ்லேயு மாதத்தில் கேட்ட அந்தச் செய்தியை அவர் ராஜாவிடம் எடுத்துச் சொன்னது நிசான் மாதத்தில், அதாவது ஏறக்குறைய 4 மாதங்கள் கழித்து. ராஜா கேட்டதும் எவ்வளவு காலம் வேண்டும், எந்தக் கடிதங்கள் வேண்டும், மரம் யாரிடமிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயில் தயாராக இருந்தது. எருசலேமுக்குப் போன பிறகும், யாரிடமும் எதையும் சொல்லாமல் இராத்திரியில் சிலரோடு புறப்பட்டுப்போய் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். அழுகை, ஜெபம், திட்டம், நேரில் பார்த்தறிதல் என்ற இந்த வரிசை புதியவர்களுக்கு மிகப் பொருத்தமானது.

கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல்பட்ட வசனத்தை வழிநடத்துதலாக எடுத்துக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுத் தேவனிடம் அடையாளம் கேட்டதை (நியாயாதிபதிகள் 6) முன்மாதிரியாகச் சொல்பவர்கள், அவன் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு முன்பே அவனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்களை அறியாத ஒருவர் கூட்டத்தில் எழுப்பி, "நீ ஜாதிகளுக்குத் தீர்க்கதரிசி" என்று சொல்லிவிட்டால் அதையும் 1 தெசலோனிக்கேயர் 5:20-21 சொல்கிறபடி நடத்துங்கள்: அற்பமாக எண்ணாதீர்கள், ஆனால் சோதித்துப் பாருங்கள். மெய்யானது என்றால் அது காத்திருப்பதால் கெட்டுப்போகாது.

உங்களிடம் இருப்பதைக் கணக்கிடுங்கள்

கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28-ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. ஒரு வாரத்துக்கான உங்கள் நேரத்தை உண்மையாக எழுதிப் பாருங்கள்: வேலை, பயணம், வீட்டுப் பொறுப்பு, உறக்கம் போக எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது? வாரத்துக்கு 2 மணி நேரம்தான் கொடுக்க முடியும் என்றால், அந்த 2 மணி நேரத்தைத் தவறாமல் கொடுக்கும் பணியைத் தேடுங்கள். 10 மணி நேரம் கேட்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு பாதியில் விடுவதால் உங்களை நம்பியவர்கள்தான் அல்லல்படுவார்கள்.

வரங்களைப் பொறுத்தவரை, ரோமர் 12:6-8, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4:11-12, 1 பேதுரு 4:10-11 ஆகிய நான்கு பகுதிகளையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். ரோமர் நிருபத்தில் உள்ள ஏழில் போதிப்பதும் புத்திசொல்வதும் இருப்பதைப் போலவே, பகிர்ந்து கொடுப்பதும் இரக்கம் செய்வதும் இருக்கின்றன. மேடையில் நிற்பவை மட்டுமே வரங்கள் என்ற எண்ணம் அந்த வாசிப்பிலேயே கலைந்துவிடும். ஆசரிப்புக்கூடார வேலைக்காகப் பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்வதற்கே (யாத்திராகமம் 31). யோப்பாவில் தபீத்தாள் மரித்தபோது விதவைகள் பேதுருவுக்குக் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான் (அப்போஸ்தலர் 9:39). வரங்களைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வித்தாள்கள் பல சபைகளில் கிடைக்கின்றன. அவற்றால் கொஞ்சம் பயன் உண்டு. ஆனாலும் உங்களை அருகிலிருந்து பார்க்கும் இரண்டு மூன்று முதிர்ந்த விசுவாசிகளிடம், "நான் எதைச் செய்யும்போது உங்களுக்குப் பிரயோஜனமாக இருந்தது?" என்று கேட்பது அவற்றைவிட நல்ல பதிலைத் தரும்.

திருமணமானவர்கள் வாழ்க்கைத் துணையின் சம்மதமில்லாமல் எந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டாம். தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் மாற்கு 7-ல் கடுமையாகக் கண்டித்தார். சொந்த வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. கடன் இருந்தால் அதைத் தீர்ப்பதும் இந்தக் கணக்கில் வர வேண்டும்.

சபையின் மூத்தவர்களிடம் பேசுங்கள்

அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும் பிரித்தெடுக்கப்பட்டதை (அப்போஸ்தலர் 13:1-3) ஊழிய அழைப்புக்கு மாதிரியாகக் கொள்ளலாம். பரிசுத்த ஆவியானவர் பேசியது அவர்கள் தனியே அறையில் இருந்தபோதல்ல, சபையின் தலைவர்கள் சேர்ந்து ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்பே அவ்விருவரும் அதே சபையில் ஒரு வருஷ காலம் உபதேசித்து வந்தவர்கள் (11:26). சபைக்கு அவர்களைத் தெரிந்திருந்தது. அதனால்தான் கைகளை வைத்து அனுப்பவும் முடிந்தது.

போதகரையோ ஒரு மூப்பரையோ சந்திக்க நேரம் கேட்டுச் செல்லுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கும் நெரிசலில் இதைப் பேச வேண்டாம். "கர்த்தர் என்னைப் பிரசங்கியாக அழைத்துவிட்டார்" என்று ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் ஆமோதிக்க வேண்டும் அல்லது கர்த்தருக்கு எதிராகப் பேச வேண்டும் என்ற நெருக்கடியில் அவரை நிறுத்திவிடுகிறீர்கள். அதற்குப் பதிலாக, "இப்படி ஒரு பாரம் சில மாதங்களாக இருக்கிறது. என்னைப் பார்த்துவந்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சபையில் இப்போது எங்கே ஆள் தேவைப்படுகிறது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் உங்கள் விருப்பத்துக்குச் சற்றும் பொருந்தாமல் இருக்கலாம். நாற்காலி அடுக்கவும் ஒலிபெருக்கி பார்க்கவும் ஆள் இல்லை என்று சொல்வார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்னால், எதை முன்னிட்டு, எவ்வளவு காலம் என்று பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக, அதாவது சபையை மேற்பார்வையிடுபவராக, ஆக்கக் கூடாது (1 தீமோத்தேயு 3:6), ஒருவர்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்கக் கூடாது (5:22) என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது வருபவரைத் தடுப்பதற்காக அல்ல, அவரையும் சபையையும் காப்பதற்காக. சபைக்குச் சபை ஒழுங்கு மாறுபடும். பெண்கள் ஏற்கக்கூடிய பொறுப்புகளைப் பற்றியும் சபைகளிடையே வேறுபட்ட நிலைகள் உண்டு. உங்கள் சபையின் ஒழுங்கை முன்னதாகவே கேட்டறிந்தால் பின்னால் மனவருத்தம் நேராது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளையும், கணவர் ஆக்கில்லாவோடு சேர்ந்து அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குத் தேவனுடைய மார்க்கத்தைத் திட்டமாய் விளக்கிய பிரிஸ்கில்லாளையும் அறியாத சபை எதுவும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. தம்மைக் கேள்வி கேட்பதே பாவம் என்று சொல்பவர், உங்கள் சம்பளத்தையோ சேமிப்பையோ தம்மிடம் ஒப்படைக்கச் சொல்பவர், குடும்பத்தாரிடம் சொல்லாமல் இரகசியமாக வரச் சொல்பவர் எவராக இருந்தாலும், அவருடைய வழிநடத்துதலின் கீழ் ஊழியத்தைத் தொடங்க வேண்டாம். பவுல் சொன்னவை வேதத்தின்படியா என்று தினந்தோறும் ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை லூக்கா நற்குணசாலிகள் என்றே எழுதுகிறார்.

ஒரு சிறிய பணியை, ஒரு கால வரம்போடு தொடங்குங்கள்

"என்னால் முடிந்ததையெல்லாம் செய்கிறேன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அடுத்த 6 மாதங்களுக்கு ஞாயிறுபள்ளியின் இந்த வகுப்புக்கு நான் உதவி ஆசிரியராக இருக்கிறேன்" என்று சொல்வது இரு தரப்புக்கும் நல்லது. காலம் முடிந்ததும் உட்கார்ந்து பேசி, தொடர்வதா மாறுவதா என்று முடிவெடுக்கலாம். பணி எதுவானாலும் நேரத்துக்கு முன்பே வருவது, வர இயலாவிட்டால் முந்தின நாளே தெரிவிப்பது, ஆயத்தம் இல்லாமல் போய் நிற்காதது ஆகிய மூன்றும் உண்மையுள்ள உக்கிராணக்காரனின் ஆரம்ப அடையாளங்கள் என்பேன். பிரசங்க பீடத்துக்குக் காத்திருக்கும் ஒருவரை இந்த மூன்றைக் கொண்டே ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டாக, நோயாளிகளைச் சந்திக்கும் பணியை எடுத்துக்கொள்வோம். எளிதாகத் தோன்றும், ஆனால் கற்றுக்கொண்டு செய்ய வேண்டியது. போவதற்கு முன் வீட்டாரிடம் கேட்டு, மருந்து வேளையும் உறக்க வேளையும் தவிர்த்த ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில தடவை அனுபவமுள்ள ஒருவரோடு செல்லுங்கள். நின்றபடியே பேசினால் படுத்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும். நாற்காலியை அருகே இழுத்து, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள், கட்டிலின் மேல் உட்கார வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். அதே நோய் வந்த வேறொருவரின் கதையை எடுக்காதீர்கள். விசுவாசக் குறைவால்தான் இந்த நோய் என்று எக்காரணத்தைக் கொண்டும் சொல்லாதீர்கள். யோபின் சிநேகிதர்கள் 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் நல்லது அதுதான், வாயைத் திறந்த பிறகே காரியம் கெட்டது.

பிறகு 121-ம் சங்கீதத்தைப் போன்ற சிறியதொரு பகுதியை, அதில் 8 வசனங்களே உள்ளன, மெதுவாக வாசியுங்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். நீங்கள் நினைத்து வந்ததை விட்டுவிட்டு, அவர் வீட்டில் தனியாக இருக்கும் மகளுக்காக ஜெபிக்கச் சொல்லலாம். சுருக்கமாக, அவர் சொன்னதைச் சொல்லியே ஜெபியுங்கள். 15 அல்லது 20 நிமிடங்களில் எழுந்துவிடுங்கள். அங்கே கேட்டதை அவருடைய அனுமதியில்லாமல் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடுவது நம்பிக்கைத் துரோகம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நல்லெண்ணத்தோடே இது பல இடங்களில் நடக்கிறது என்பதே. மறுபடி வருகிறேன் என்று சொன்னால் அந்த நாளில் போய் நில்லுங்கள்.

சிறுவர் ஊழியத்தில், பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். உங்கள் சபையில் இதற்கு எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும் நீங்களாகவே இதைக் கடைப்பிடியுங்கள். பணம் கையாளும் பொறுப்பு வந்தால், காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ணி, அங்கேயே எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்கான உதவிப் பணத்தைச் சேர்க்கும் வேலைக்குத் தீத்துவோடு வேறு சகோதரரையும் கூட்டியே பவுல் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8:21-ல் காரணமும் சொல்லியிருக்கிறார். "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று சாட்சியை மறுப்பவரிடம் கணக்கைக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

கற்பதை நிறுத்தாதீர்கள்

புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளுக்கு 3 அல்லது 4 அதிகாரங்கள் வாசித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். முழு வேதத்தையும் ஒரு முறைகூட வாசிக்காமல் மற்றவர்களுக்குப் போதிக்கத் தொடங்குவது நல்லதல்ல. அப்பொல்லோ சாதுரியவானும் வேதாகமங்களில் வல்லவனுமாக இருந்தும், யோவான் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தான். கூடாரம் செய்யும் தொழிலாளரான ஒரு தம்பதி அவனைத் தனியே அழைத்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். அப்படித் திருத்துகிற ஒருவரை உங்களுக்கும் தேடிக்கொண்டு, மாதம் ஒரு முறையாவது சந்தித்து, செய்ததையும் செய்யத் தவறியதையும் மறைக்காமல் பேசுங்கள். அஞ்சல்வழி வேதபாடங்களும் இறையியல் கல்லூரிகளின் பகுதிநேரப் படிப்புகளும் இதற்குப் பின் வரட்டும்.

பலன் தெரியாத காலத்தைக் கடந்து செல்லுங்கள்

செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து மிஷனரியான வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்து சேர்ந்தார். அவருடைய பணியில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற வங்காளியாகிய கிருஷ்ண பால் என்ற தச்சர், செராம்பூரில் 1800 டிசம்பரில்தான் முன்வந்தார். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கேரி ஒரு மகனை இழந்தார், அவுரித் தொழிற்சாலை ஒன்றை நிர்வகித்துப் பிழைப்பு நடத்தினார், வங்காள மொழியைக் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பார்த்தால் அந்த ஆண்டுகளை ஒன்றுமில்லை என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் 1801-ல் அச்சாகி வந்த வங்காளப் புதிய ஏற்பாடு அந்த ஆண்டுகளில் செய்த வேலைதான். உங்கள் வகுப்பில் 4 பிள்ளைகள் இருந்து 4 பேராகவே இரண்டு வருடம் கழிந்தால், அதை மட்டும் வைத்து அழைப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

சோர்வுக்குச் சில வேளை ஆவிக்குரிய காரணம் எதுவும் இருக்காது. சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது உபதேசம் அல்ல. தணலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும், நடுவே உறக்கமும். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வுக்கென்று ஒதுக்குங்கள். உடன் ஊழியரோடு மனத்தாங்கல் வந்தால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரிடமே தனித்துப் பேசுங்கள். முந்தின பயணத்தில் பாதியில் விட்டுப்போன மாற்கை மறுபடியும் கூட்டிச்செல்வதா என்ற வாக்குவாதத்தில் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். ஆனாலும் தம் கடைசி நிருபத்தில் அதே மாற்கை, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று சொல்லி அழைத்துவரச் சொல்கிறார் பவுல். பாதியில் விட்டுப்போனவர் திரும்பி வரவும் வழி உண்டு.

முழுநேர ஊழியத்தைப் பற்றி

வேலையை விட்டால்தான் முழு அர்ப்பணம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று எழுதிய பவுலே கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார். இரண்டும் வேதத்தில் உள்ளவை. ஒன்று மற்றொன்றைவிடப் பரிசுத்தமானது அல்ல. சபையின் பொறுப்பிலே சில ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, சபையே உங்களை அனுப்ப முன்வந்து, வாழ்க்கைத் துணையும் முழு மனதோடு இசைந்து, வருமானம் எங்கிருந்து வரும் என்பது தெளிவான பிறகே ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள். கண்காணிக்குரிய தகுதிகளாக 1 தீமோத்தேயு 3 சொல்பவற்றில் போதிக்கும் திறமை ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாமே குணத்தையும் குடும்பத்தையும் நற்பெயரையும் பற்றியவை. அந்தப் பட்டியலை உங்கள் வீட்டார் கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் கேளுங்கள். தாமாக ஒரு ஊழியத்துக்குப் பெயர் வைத்து, லெட்டர்பேடும் விசிட்டிங் கார்டும் அடித்துவிட்டு அதற்குப் பிறகு வேலையைத் தேடுபவர்களும் உண்டு. அவர்களைப் பின்பற்ற வேண்டாம். பெத்லெகேமில் சாமுவேலால் ராஜாவாக அபிஷேகம்பண்ணப்பட்ட தாவீது, பிறகும் தகப்பனுடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தான் (1 சாமுவேல் 17:15).

பொறுப்பை ஒப்படைக்கும்போது

தொடங்குவதைப் போலவே முடிப்பதும் ஊழியத்தின் ஒரு பகுதி. இடமாற்றம், உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை, வேறொரு பணிக்கான அழைப்பு என்று எந்தக் காரணத்தாலும் விலக நேரலாம். முடிந்தால் 2 மாதங்களுக்கு முன்பே மூத்தவர்களிடம் தெரிவியுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவரைச் சில வாரங்கள் கூடவே வைத்துக்கொண்டு வேலையைக் காட்டிக்கொடுங்கள். வருகைப் பதிவேடு, கணக்கு, சாவிகள், சந்திக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படையுங்கள். அந்தரங்கமாகச் சொல்லப்பட்டவை மட்டும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டாம். புதியவர் வேறு விதமாகச் செய்வார். அவர் கேட்டால் ஆலோசனை சொல்லுங்கள். பழைய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் உங்களிடமே வந்து அவரைப் பற்றிக் குறை சொன்னால், அவரிடமே பேசும்படி அவர்களை அனுப்பிவிடுங்கள்.